கடைசி வரியில் ஒரு பென்சில் குறி

திருச்சிக்குக் கிழக்கே, ஓர் அரிசி ஆலையின் பின்புறத்து அறையில் அந்த நாளில் ஒரு சாமியார் இருந்தார். முன்பு கொத்தனார் வேலை செய்தவர். சுவர் பூசுவதில் பெயர் வாங்கியவர். அதனால் சுற்றுவட்டாரத்தில் அவரைப் பூச்சுச் சாமி என்றே சொன்னார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் வைத்தியலிங்கம். குருவைவிட ஏழு வயது பெரியவர். பதினாலு வருஷமாக வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. ஊருக்கு வந்ததும் ஆலைக்குப் போய் வணங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்பார். ஒரு லீவுக்கு ஒரு கேள்வி என்பது அவர்களுக்குள் வழக்கம். அவர் குருவைச் சாமி என்பார். குரு அவரை அண்ணே என்பார்.

அந்த வருஷம் லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போதுதான் வந்தார். மனைவி பூங்கோதையும் உடன் வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் வைத்தியலிங்கம் உட்காரவில்லை. கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. வியர்வையில் அதன் மடிப்புகள் நைந்திருந்தன.

"சாமி, புதுசா ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கோம். வீட்டுக்கு உண்டான பணமெல்லாம் கட்டி முடிச்சாச்சு. இது அதுக்கு மேல. அப்கிரேடுன்னு சொல்றாங்க."

"அப்படின்னா?"

"அவங்க குடுக்குற தரை சாதா டைல்ஸ். வேணும்னா பளிங்கு போட்டுக்கலாம். சமையலறைக்கு இழுத்து மூடுற அலமாரி, குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங். எது எது வேணும்னு இதுல குறி போட்டுக் குடுக்கணும். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். நாளைக்குத் தரை ஒட்ட ஆரம்பிச்சுடுவாங்க. ஒட்டினதுக்கப்புறம் ஆசைப்பட்டா உடைச்சுத்தான் மாத்தணுமாம்."

"குறி போட்டதுக்கு எவ்வளவு வருது?"

"ஒம்பது லட்சம்."

"இருக்கா?"

"இல்ல. தவணையில கட்டலாமாம். இன்னும் ரெண்டு வருஷம் அங்க வேலை பாத்தா அடைச்சுடலாம். மார்ச்சோட வேலையை முடிச்சுக்கிறியா, ரெண்டு வருஷம் நீட்டிக்கிறியான்னு கம்பெனியில கேட்டிருக்காங்க. அதுக்கும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்."

அவர் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

"என் கூட வெளிநாட்டுக்குக் கிளம்பினவன் ஒருத்தன் இந்தப் பக்கமே வீடு கட்டியிருக்கான் சாமி. வாசப்படியிலேருந்து மொட்டைமாடி வரைக்கும் பளிங்கு. நாளைக்கு அவன் என் வீட்டுக்கு வந்து நிப்பான். குனிஞ்சு தரையைப் பாப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான். பாப்பான், அவ்வளவுதான்."

"அவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரா?" என்றாள் பூங்கோதை.

"வருவான்."

"நாங்க மிச்ச நாளெல்லாம் இருப்போம்."

"உனக்கும் பாப்பாவுக்கும்தானே எல்லாம்."



குரு கேட்டார்: "அண்ணே, இந்த லீவுக்குக் கேள்வி என்ன?"

"ரெண்டு வருஷம் போகவா, வேண்டாமா? நாலு நாளா தூக்கமே இல்ல சாமி. போகலாம்னு நினைச்சா பாப்பா முகம் தெரியுது. வேண்டாம்னு நினைச்சா அந்தப் பளிங்கு கண்ணுல நிக்குது."

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வீட்டைப் பாத்துட்டு வருவோம்."

மூவரும் ஆட்டோவில் போனார்கள். வழியில் வைத்தியலிங்கம் நாலு முறை தாளைப் பிரித்தார்.

"எத்தனை தடவை பிரிச்சாலும் அதே தொகைதாண்ணே இருக்கும்" என்றார் குரு. ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. மணி நாலைத் தாண்டிவிட்டது.

கட்டடம் அஞ்சு மாடி. வைத்தியலிங்கத்தின் வீடு மூன்றாவது மாடியில் சிமெண்ட் தரையோடு கிடந்தது. கீழ்த்தளத்தில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு வீட்டை முழுக்க அலங்கரித்து வைத்திருந்தார்கள். அதை மாடல் ஃப்ளாட் என்றார்கள். விற்பனைக்கு இருந்த பெண்ணின் பெயர் தாரணி. அவள் விளக்குகளைப் போட்டாள்.

"பாருங்க சாமி" என்று வைத்தியலிங்கம் முன்னால் நடந்தார். "செருப்பைக் கழட்டிட்டுக் காலை வச்சுப் பாருங்க. குளுகுளுன்னு இருக்கும். மேல பாருங்க, விளக்கு எங்கேருந்து எரியுதுன்னே தெரியாது. இந்த டிராயரை இழுங்க. விட்டா தானா மூடிக்கும். சத்தமே வராது."

குரு டிராயரை இழுத்து விட்டார். அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பிறகு அவர் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பூச்சு நல்லா வந்திருக்கு."

"அது எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான் சார். அதுக்குத் தனியா காசு இல்ல" என்றாள் தாரணி.

"அதனாலதான் யாரும் பாக்கல."

பூங்கோதை உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க மேடம்."

"இருக்கட்டும்மா."

குரு திரும்பி அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

"கதவு எங்கம்மா?"

"சார்?"

"வாசல்லயும் இல்ல, ரூமுக்கும் இல்ல. ஒரு கதவையும் காணோமே."

"மாடல் ஃப்ளாட்ல கதவு மாட்ட மாட்டோம் சார். கதவு இருந்தா இடத்தை அடைச்சுக்கும். பாக்குறவங்களுக்கு வீடு பெருசா தெரியணும்ல."

வைத்தியலிங்கம் நின்றுவிட்டார். கதவு நிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிலை இருந்தது, கதவு இல்லை.

"நான் நாலு தடவை வந்திருக்கேன்" என்றார். "கவனிக்கவே இல்லையே."

"நீங்க மேலயே பாத்துக்கிட்டிருந்தீங்க" என்றாள் பூங்கோதை. "நான் மொத நாளே பாத்தேன்."

குரு கையை நீட்டினார். வைத்தியலிங்கம் தாளைக் கொடுத்தார். இருபத்து நாலு வரிகள். பதினெட்டு வரிகளுக்கு எதிரே நீல மையில் அழுத்தமான குறிகள். குரு மேலிருந்து மெல்லப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அங்கே ஒரு சின்னக் குறி இருந்தது. பென்சிலால் போட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

வாய்விட்டுப் படித்தார்: "முன்கதவுக்கு உட்பக்கம் கூடுதல் தாழ்ப்பாள். எண்ணூற்றைம்பது ரூபாய்."

"அதுல நான் குறி போடலையே" என்றார் வைத்தியலிங்கம்.



"நான்தான்" என்றாள் பூங்கோதை. "பாப்பா பென்சில் அங்க கிடந்துச்சு."

"ஒரு தாழ்ப்பாள் அவங்களே குடுக்கிறாங்களே. பூட்டும் இருக்கு. ரெண்டாவது எதுக்கு?"

"ஒண்ணு போட்டா எனக்குத் தூக்கம் வராது."

"இப்ப இருக்கிற வாடகை வீட்டுல ஒண்ணுதானே இருக்கு?"

"அதான் ராத்திரி காலி சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்து கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுப்பேன்."

"எப்பலேருந்து?"

"பாப்பா பொறந்து நீங்க திரும்பிப் போனீங்கல்ல. அன்னைலேருந்து."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

"நான் வரும்போதெல்லாம் பாத்ததே இல்லையே. சிலிண்டர் சமையலறையில தானே இருக்கும்."

பூங்கோதை அவரைப் பார்த்தாள். "நீங்க இருக்குறப்ப அது எதுக்கு?"

வைத்தியலிங்கம் பளிங்குத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாரணி ஒரு நாற்காலியை எடுத்து வந்தாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்களுக்கு அங்க தூக்கம் வருமா? நூறடி உசரத்துல உக்காந்து ஓட்டுற வேலை."

குரு தாளை வைத்தியலிங்கத்தின் மடியில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

தாரணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், அஞ்சுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. மேனேஜர் கிளம்பிடுவாரு."

வைத்தியலிங்கம் பேனாவைத் திறந்தார். முதல் வரியில் இருந்த பளிங்கை அடித்தார். அடித்த பிறகும் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபால்ஸ் சீலிங். பிறகு கண்ணாடித் தடுப்பு. பதினெட்டையும் அடித்து முடித்துக் கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தினார். எழுந்து வாசலுக்குப் போனார். பேனாவையும் தாளையும் மனைவியிடம் நீட்டினார்.

"இது நீ போட்டது. நீயே அடிச்சுடு. கம்பெனிக்கு மார்ச்சுன்னு சொல்லிடுறேன்."

பூங்கோதை பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போன தடவையும் மார்ச்சுன்னுதான் சொன்னீங்க."

"அப்ப கடன் இருந்துச்சு."

"அதுக்கு முந்தின தடவையும் மார்ச்தான்."



அவள் தாளை வாசல் நிலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். பென்சில் குறியின் மேலேயே பேனாவை வைத்து, நீல மையில் அதை இன்னொரு முறை எழுதினாள். பிறகு தாரணியிடம் கொடுத்தாள்.

தாரணி பார்த்தாள். "இது ஒண்ணு மட்டும்தானா மேடம்?"

"ஒண்ணுதான்."

தாரணி தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு விரைந்தாள்.

வைத்தியலிங்கம் குருவின் பக்கம் திரும்பினார். முகம் வாடியிருந்தது.

"எல்லாத்தையும் அடிச்சுட்டேன் சாமி. வந்துடுறேன்னும் சொல்லிட்டேன். அதுக்கப்புறமும் தாழ்ப்பாள் கேக்குறா பாருங்க."

குரு வாசலைத் தாண்டி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தாழ்ப்பாள் இருக்கட்டும்ணே. அதைத் துருப்பிடிக்க விடுறது உங்க வேலை."