வாத்து வீட்டு ஓட்டு

“கூடு கட்டினது நான், முட்டை போட்டது நான், அடைகாக்கிறது நான். ஓட்டு மட்டும் உங்களுக்கா?”

காலையிலிருந்து பெண்வாத்து இதையேதான் கத்திக்கொண்டிருந்தது.

“கூடு என் பேர்ல இருக்கு. சட்டம் அப்படி! நான் என்னடி பண்ண?” என்றது ஆண்வாத்து, இறகைக் கோதியபடி.

அமெரிக்கா அப்போதுதான் சுதந்திரம் வாங்கியிருந்தது. மனிதர்கள் மாநிலத்துக்கு ஒரு கவர்னரைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து, இந்தக் காட்டுக் குட்டைக்கும் ஆசை வந்துவிட்டது. சட்டத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சொந்த இடம் உள்ள ஆண்களுக்கே ஓட்டு. அதையும் எல்லார் எதிரிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

போட்டி கரடிக்கும் நீர்நாய்க்கும். கரடி ஜெயித்தால் கரையை வெட்டிச் சரித்து, தான் மீன் பிடிக்க இடம் செய்துகொள்ளும். அந்தக் கரையில்தான் வாத்தின் முட்டைகள் இருந்தன.

“நீர்நாய்னு சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வாங்க!”

“எனக்குத் தெரியாதா? என் குஞ்சுகள்டி அது!”

மரத்தடியில் ஆமை ஒவ்வொருவரிடமும் ‘யாருக்கு?’ என்று கேட்டு ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கரடி, தொட்டி நிறையப் புளித்த ஆப்பிள் சாற்றுடன்.

“ஓட்டுக்காக இல்லைங்க, தாகத்துக்கு!”

தேர்தல் அன்றைக்குத்தான் ஆண்களுக்கு அப்படி ஒரு தாகம் எடுக்கும். நீர்நாயோ கையைக் கட்டிக்கொண்டு யோக்கியமாக நின்றது. அதன் பக்கம் ஒரு ஈ கூட இல்லை.

இருந்தும் கரையில் குடியிருப்பவர்கள் நீர்நாய் பேரைச் சொன்னதால், இரண்டு பேருக்கும் ஓட்டு சமம். கடைசி ஆள் ஆண்வாத்து. அதற்குள் மூன்று குவளை இறக்கியிருந்தது.

“வாங்க ஐயா! உங்களை மாதிரிப் பெரியவங்க சொன்னா குட்டையே கேட்கும்!” என்று கரடி கும்பிட்டது.

ஐயாவாம்! வீட்டில் ஒரு நாளும் கேட்காத வார்த்தை. ஆண்வாத்துக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டது.

“யாருக்கு?” என்றது ஆமை.

“கரடியாருக்கு!”

மறுநாள் விடிந்ததும் கவர்னர் கரடி நகத்தைத் தீட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. பின்னால் ஊரே வந்தது. ஆண்வாத்து மட்டும் தலைவலி என்று நாணலுக்குள் படுத்துவிட்டது.

பெண்வாத்து முட்டைகள் மேல் சிறகை விரித்தது. “உள்ளே குஞ்சு அசையுதுங்க! பொரிக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்களேன், யாராவது!”

ஊரே ஒதுங்கிக் கரடிக்கு வழிவிட்டது.

உன் ஓட்டை இன்னொருவன் போட்டால், அது அவன் தாகத்துக்குத்தான் விழும்.