டிவிக்குக் காவலாய் ஒரு கதவு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சென்னையில் பட்டாணித் தோட்டம் மூன்றாம் தெருவில் குடியிருந்த என் அறைத்தோழன் சொன்னது. கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அந்தத் தெரு நலச்சங்கத்தின் செயலாளர் தணிகாசலம். மகளின் வளைகாப்புக்கு மூன்று நாள் வேலூர் போக வேண்டும். ஆனால் போன வாரம்தான் சுவரளவுக்கு ஒரு டிவி வாங்கியிருந்தார். அதை விட்டுப் போவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சங்கக் கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "இந்த வருஷம் நம்ம ஏரியாவுல பதிவான திருட்டு முப்பத்தொண்ணு. அதுல முப்பது, பூட்டின வீட்டுல நடந்தது. ஜாக்கிரதையா இருங்க" என்று தாளைப் பார்த்து வாசித்தார். டீ குடித்தார். போய்விட்டார்.



"இத்தனை நாளா அநியாயமா திருடனைத் திட்டிட்டிருந்தோமே" என்றார் தலைவர் வேதகிரி. "எல்லாம் இந்தப் பூட்டு பண்ற வேலை."

"அப்போ அந்த முப்பத்தொண்ணாவது வீடு?" என்று கேட்டார் கூட்டக் குறிப்பு எழுதும் அமலோற்பவம் அம்மா. எதையும் தீர விசாரிப்பவர்.

வேதகிரி கண்ணை மூடி யோசித்தார். "பூட்டணும்னு மனசுல நினைச்சிருப்பாங்கம்மா."

தணிகாசலம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் வாசலில் மட்டும் மூன்று பூட்டு!

அன்று மாலைக்குள் தெருவின் இருபத்திரண்டு வீட்டுப் பூட்டுகளையும் கழற்றினார்கள். சாவி தொலையாமலிருக்க அந்தந்தப் பூட்டிலேயே கட்டினார்கள். சாக்கில் போட்டுச் சங்க அறைக்குள் வைத்து, பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டினார்கள்.

"இதைப் பூட்டலாமா தலைவரே?" என்றார் தணிகாசலம்.

"என்னய்யா செயலாளர் நீ! இன்ஸ்பெக்டர் சொன்னது வீட்டுக்கு. இது ஆபீசு."

அமலோற்பவம் அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் தணிகாசலம் வாசல் கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி செங்கல்லை முட்டுக்கொடுத்தார். மூன்று நாள் தனியாக இருக்குமே என்று டிவியை ஓடவிட்டார். பஸ் ஏறினார்.

வளையல் அடுக்கும்போது வேதகிரியிடமிருந்து போன் வந்தது.

"செயலாளரே, பட்டப்பகல்ல திருடன் வந்துட்டான்யா!"

"ஐயோ, டிவி?"

"அது பாட்டுக்கு ஓடுது. தெருக் கேமராவுல பார்த்தோம். ஒவ்வொரு வாசலா எட்டிப் பார்த்தான். உன் வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டு மிரண்டு ஓடினான். கடைசியில சங்க அறைப் பூட்டை உடைச்சு, சாக்கைத் தூக்கிட்டான்!"

தணிகாசலம் கண்கலங்கினார். "பார்த்தீங்களா தலைவரே, பூட்டினது எதுவோ அதுதான் போச்சு!" என்று சொல்லி, சம்பந்திகளுக்கெல்லாம் மைசூர்பாகு ஊட்டினார்.

ஊர் திரும்பியதும் அவசரக் கூட்டம் போட்டு, இனி யாரும் பூட்டவே முடியாதபடி சங்க அறைக் கதவைக் கழற்றிவிட்டார்கள்.

நம்பாமல் போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். உண்மைதான், அறைக்குக் கதவில்லை. அந்தக் கதவு தணிகாசலத்தின் கூடத்தில், டிவியை மறைத்தபடி, புதுப் பூட்டோடு நிற்கிறது. வாசல் மட்டும் செங்கல்லோடு திறந்தே கிடக்கிறது.

"பூட்டியிருக்கீங்களே?" என்றேன்.

"வீட்டைப் பூட்டலீங்க, கதவைத்தான்" என்றார் தணிகாசலம். கதவுக்குப் பின்னால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. குடும்பமே கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.