வெயிலில் ஏறிய சார்ஜ்

மலைமேல் ஒரு குடில் இருந்தது. அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி அம்மாள். துறவுக்கு முன் மின்சார இன்ஜினியராக இருந்தவர், வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. கீழே ஊரில் பேர்போன வக்கீல். அவர் குறுக்கு விசாரணையில் நின்ற சாட்சிக்குத் தன் பெயரே மறந்துபோகும் என்று கோர்ட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு அவரும் மீசையைத் தடவிக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் பூங்கோதை நாலு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடிலுக்கு வந்த நாள் முதல் தணிகாசலம் கேட்டது ஒரே கேள்விதான்.

“அம்மா, என் பொண்ணு ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கிறா?”

அம்மாள் பதில் சொன்னதே இல்லை. சில நாள் கீரையை ஆயக் கொடுப்பார். சில நாள் எழுந்து போய்விடுவார்.

அந்தக் குடிலில் கைப்பேசி கிடையாது. சேருகிறவர்கள் அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். அரிசி பருப்புக்குச் சொல்லிவிட ஒரு பழைய லேப்டாப்பும், அதில் செருகும் இன்டர்நெட் டாங்கிளும் உண்டு. வெளியுலகம் என்றால் அவ்வளவுதான்.

ஒரு மாலை அந்த லேப்டாப்பில் தணிகாசலத்துக்குப் பூங்கோதையின் மெயில் வந்தது.

“நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு நெட்டில் கூப்பிடுவேன். நீங்கள் எடுக்காவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டேன்.”

அன்றைக்கே பிடித்தது பேய்மழை. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. சோலார் பேட்டரி இருந்த அறையில் தண்ணீர் புகுந்து பேட்டரியும் வீணாய்ப்போனது. ஓடையில் வெள்ளம் போனதால் கீழே இறங்கவும் வழியில்லை. விடிந்தபோது லேப்டாப்பில் துளி சார்ஜ் இல்லை.

தணிகாசலம் கூரையில் ஏறி, விளக்குக்காக வைத்திருந்த சின்ன சோலார் பேனலைக் கழற்றி இறக்கினார். அந்த வயதில் அவர் அப்படி ஏறுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அம்மாள் ஒரு கன்வர்ட்டர் டப்பாவைத் தேடி எடுத்து, பேட்டரி இல்லாமலே பேனல் ஒயரை நேராக லேப்டாப்புக்குக் கொடுத்தார்.

மழை விட்டிருந்தது. மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது.

“வந்துருச்சு!” என்றார் தணிகாசலம்.

லேப்டாப்பின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. உடனே பட்டனை அழுத்தினார். திரை லேசாக விழித்தது. அடுத்த நொடி புள்ளி அணைந்தது. திரையும் இருண்டது.

கொஞ்ச நேரத்தில் புள்ளி மறுபடி எரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி இருட்டு.

“மேகம்தாம்மா சதி பண்ணுது.”

“இப்ப மேகம் இல்லையே.”

அண்ணாந்து பார்த்தார். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“அப்புறம் ஏன் தர மாட்டேங்குது?”

“சின்ன பேனல். ஆன் பண்ணினா லேப்டாப் நிறைய இழுக்குது. தாங்காம படுத்துருது. அணைச்சு வெச்சா கொஞ்சம் கொஞ்சமா ஏறும்.”

“எவ்வளவு ஏறியிருக்குன்னு எப்படித் தெரியும்?”

“திறந்தாத்தான் தெரியும். திறந்தா ஏறாது.”

“அதுக்குள்ள அவ இன்னொரு மெயில் போட்டிருந்தா?”

“இருக்கட்டும்.”

தணிகாசலம் லேப்டாப்பை மூடினார். இரண்டு நிமிஷம்கூட இருந்திருக்காது. கை தானாக மூடியைத் திறக்கப் போனது. அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

“கையை எடுங்கம்மா.”

அம்மாள் எடுக்கவில்லை.

“ஒரே ஒரு தடவை பாத்துடறேன்.”

“வேண்டாம்.”

“உங்களுக்குப் புள்ளை குட்டி இருந்தா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருப்பீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போனது. அம்மாளின் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

தணிகாசலம் எழுந்து போய்ப் பேனலை இரண்டு கையாலும் தூக்கி, சூரியனைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் கடுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நிஜமாகவே ஒரு மேகம் வந்து மூடியபோது புள்ளி அணைந்தது. மேகம் நகர்ந்தது. புள்ளி எரிந்தது. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார்.

பன்னிரண்டு ஆகப் போகிற நேரத்தில் அம்மாள் கையை எடுத்தார். ஒயரைக் கழற்றி, லேப்டாப்பைத் திறந்து, திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்தார்.

“பத்து நிமிஷம் தாங்கும்.”

“பத்து நிமிஷத்துல நான் எதைன்னு கேக்கறது?”

அம்மாள் பதில் சொல்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

“அப்பா.”

நாலு வருஷக் கேள்விகளும் முண்டியடித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தன. அவர் கண் பேட்டரிக் குறியின்மேல் இருந்தது. தான் ஒரு வார்த்தை பேசினால் அவளுக்கு ஒரு வார்த்தை குறையும் என்று பயந்தார்.

“சொல்லும்மா. இதுல சார்ஜ் கம்மி. நீ பேசு.”

சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

“போன வருஷம் எனக்குக் குழந்தை பொறந்துச்சுப்பா,” என்றாள் பூங்கோதை. “ரெண்டே நாள்தான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். சொன்னா, எந்த ஆஸ்பத்திரி, அங்க ஏன் போனே, யாரைக் கேட்டுப் போனேன்னு கேப்பீங்க. அந்த நேரத்துல என்னால பதில் சொல்ல முடியாதுப்பா.”

எந்த ஆஸ்பத்திரி என்ற கேள்விதான் அப்போது அவர் நாக்கில் நின்றது. அதை விழுங்கினார். கண்ணீர் தாடியில் இறங்க, வாயைத் திறக்காமல் கேட்டார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குழந்தையின் விரல்களைப் பற்றிச் சொன்னாள். நடுவில் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

“நாளைக்கும் இதே நேரம் கூப்பிடறேன்ப்பா. இன்னொரு சேதி இருக்கு. இப்ப மறுபடியும் நான்...”

திரை அணைந்தது.

தணிகாசலம் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு விம்மினார்.

“பாதியில போயிருச்சேம்மா! கேக்கணும்னு நாலு வருஷமா வெச்சிருந்ததுல ஒண்ணுகூட நான் கேக்கலையே!”

“அதனாலதான் பேசினா,” என்றார் அம்மாள்.