வேங்கை மரத்தடி அசுணம்

மலையடிவாரக் காட்டில் ஒரு யானையும், ஒரு கருங்குரங்கும், ஓர் அசுணமும் நட்பாக இருந்தன.

அசுணத்தை இன்று யாரும் பார்த்ததில்லை. பழங்கதைகளில் பெயர் மட்டும் மிச்சம். மான் உடம்பு, முயல் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காதுக்குத் தப்பும் ஒலியே கிடையாது! மூங்கிலில் காற்று நுழைந்தால் சொக்கிப்போகும். இடி இடித்தால் துடித்துப்போகும்.

"வேடர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், ஓடுங்கள்!" என்று அது சொல்லித்தான் பலமுறை காடே பிழைத்தது.

ஒருநாள் குரங்கு, உள்ளே கூடாகிப்போன மரம் ஒன்றைக் கண்டது. கட்டையால் தட்டியது. டம்! டம்!

"தம்பி, நிறுத்து! உயிர் போகிறது!" என்று அலறியது அசுணம்.

"இதற்கா உயிர் போகும்? நடிக்காதே, அண்ணா!" குரங்கு இன்னும் ஓங்கித் தட்டியது.

"அக்கா, நீயாவது சொல்லேன்!" என்று யானையிடம் கெஞ்சியது அசுணம்.

யானை சிரித்தது. "விளையாடுகிறான், விடு. கொஞ்சம் பொறுத்துக்கொள்."

அசுணம் காதுகளை மடக்கிக்கொண்டு புதருக்குள் போனது. மறுநாள் காலை அதைக் காணவில்லை.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. யானையின் குட்டி தாகத்தில் சுருண்டு விழுந்தது. யானை அங்கும் இங்கும் தோண்டியது. புழுதிதான் வந்தது.

"அசுணம் இருந்திருந்தால், மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடுவதைக் கேட்டுச் சொல்லியிருக்கும்" என்று அழுதது.

குரங்கு தலைகுனிந்து நின்றது. சட்டென்று நிமிர்ந்தது.

"அக்கா! வெயில் நாளில் அண்ணன் வேங்கை மரத்தடியில்தானே படுப்பார்? தரையில் காதை வைத்துக்கொண்டு, 'கீழே யாரோ பாடுகிறார்கள்' என்று சிரிப்பார். நான் கேலி செய்வேன்..."

இரண்டும் ஓடின. யானை தோண்டியது. முதலில் ஈரம் தெரிந்தது. பிறகு தண்ணீரே ஊறியது! யானை துதிக்கையில் மொண்டுபோய்க் கொடுக்க, குட்டி குடித்தது, எழுந்து நின்றது.

குரங்கு வேங்கை மரத்தின் உச்சிக்கு ஏறியது. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

"அண்ணா, வந்துவிடேன்" என்று மெல்லச் சொன்னது.

அசுணத்துக்கு அது கேட்டிருக்கும். ஆனால் வரவில்லை. எத்தனையோ கோடை போயிற்று. தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் யானையும் குரங்கும் அங்கே ஓசைப்படாமல் அடியெடுத்து வைத்தன.

நமக்கு விளையாட்டாகத் தெரிவது இன்னொருவருக்கு உயிர்வலியாக இருக்கலாம். அவர் "நிறுத்து" என்று சொல்லும்போதே நிறுத்திவிட வேண்டும்.