வெங்காயம் உரித்த கண்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்துப் பிலோமினா அக்கா. போன தவக்காலத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் ஜெசிந்தா டீச்சர் ஓர் அறை வைத்திருந்தார். தொழில் செய்கிறவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவர் வேலை. கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரிடம் படிக்க வந்த சவரிமுத்துவுக்கோ ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்த கை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிலாவுக்குள் உட்கார வைப்பார், தாமரைக்குள் நிற்க வைப்பார். ஆனாலும் அந்தச் சின்னப் பெண்ணை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் அவரை "அண்ணே" என்பார்.

சவரிமுத்து தனியாகச் செய்த முதல் வெப்சைட் அவர் மனைவியின் தம்பி பயஸுக்கு. பயஸ் மில் வேலையை விட்டுவிட்டு ஐஸ் பெட்டி இரண்டு வாங்கியிருந்தார். தூரத்துப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற கண்ணாடிப் பெட்டி. "வெப்சைட் ஒண்ணு போட்டா போதும், போன் வந்துக்கிட்டே இருக்கும்" என்று சவரிமுத்து சொன்ன சொல்லை நம்பித்தான் பயஸ் மில்லை விட்டது.

வெப்சைட் போட்டு ஒரு மாதம் ஆயிற்று. ஒரு போன்கூட வரவில்லை.

வியாழக்கிழமை பயஸ் மாடி ஏறி வந்தார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா ரெண்டு பெட்டியையும் விலைக்குக் கேட்ட ஒட்டன்சத்திரத்துக்காரர்கிட்ட தள்ளிவிட்டுட்டு மில்லு வாசல்ல போய் நிக்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்க மச்சான். சாவு என்ன நம்ம கையிலயா இருக்கு?"

"யாரும் சாகணும்னு நான் வேண்டுவேனா? இருநூறு பேருக்கு மேல வந்து பாத்திருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? சும்மா பொழுதுபோகவா அதைப் பாப்பாங்க? எல்லாம் எழவு வீட்டுக்காரங்க. நம்மகிட்ட வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க மச்சான். அதுதான் எனக்குத் தாங்கல."

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். சவரிமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்து டீச்சருக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? நான் செஞ்சது அழகா இல்லையா?"

"அழகுதான் அண்ணே. பத்து நாள் உக்காந்து செஞ்சிருக்கீங்க."

"அப்புறம் ஏன் வந்தவங்க எல்லாம் போயிடுறாங்க?"

டீச்சர் எழுந்தார். கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை. அதில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம்.

"இதை உரிச்சுத் தாங்க அண்ணே."

சவரிமுத்து அவரைப் பார்த்தார். இதென்ன, இந்த வயதில் தண்டனையா என்று நினைத்தார். ஆனால் டீச்சர் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொல்லி அவர் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து உரித்தார்.

அரைக் கிலோ ஆவதற்குள் கண் எரிந்தது. ஒரு கிலோவில் தாரை தாரையாகக் கொட்டியது. தோளில் கிடந்த துண்டைத் தேடினார். டீச்சர் அதை முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தார்.

"துடைக்காதீங்க அண்ணே. அப்படியே போனை எடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"உங்க வெப்சைட்டைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்க."

சவரிமுத்து திறந்தார். முதலில் வீணை இசை வந்தது. அதை நிறுத்தத் தேடினார், கிடைக்கவில்லை. மேலிருந்து ரோஜா இதழாக உதிர்ந்தது. கல்யாண ஆல்பம் போலப் பக்கம் ஒவ்வொன்றும் மெதுவாகத் தானே புரண்டு திறந்தது. "தங்கள் வருகைக்கு நன்றி" என்றது ஒரு பக்கம். அடுத்ததில் கோட்டுப் போட்ட பயஸ் பல் தெரியச் சிரித்தார். நம்பர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சந்தன நிறத்தின்மேல் தங்க எழுத்து. அவர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த நிறம். இப்போது அங்கே ஏதோ மினுக்குவது மட்டும் தெரிந்தது.

ஈரக் கட்டைவிரல் வழுக்கியது. பக்கம் திரும்ப முதலிலிருந்து புரள ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம் டீச்சர்."

"கொஞ்சம் சீக்கிரம் அண்ணே," என்றார் டீச்சர், மெல்ல. "உள்ள அம்மா கிடக்குது."

சவரிமுத்துவின் கை அப்படியே நின்றது. போனில் வீணை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் வந்துகொண்டிருந்த தண்ணீர் வெங்காயத்துத் தண்ணீர்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் துண்டைக் கொடுத்தார்.

சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை முதல்லயே வாயால சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொல்லியிருந்தா வெங்காயத்தை யாரு உரிக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாளே சவரிமுத்து எல்லாவற்றையும் கலைத்தார். இசை போயிற்று, இதழ் போயிற்று, பயஸின் கோட்டும் போயிற்று. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. கொட்டை கொட்டையாக "ஐஸ் பெட்டி வேண்டுமா? இங்கே தொடுங்கள்." அவ்வளவுதான். தொட்டால் பயஸுக்குப் போன் போகும்.

டீச்சர் பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. சவரிமுத்து தானே கீழே போய் வெங்காயம் வாங்கி வந்து பயஸை உட்கார வைத்தார்.

"இது வெப்சைட் ஆபீசா, பிரியாணிக் கடையா மச்சான்?" என்று பயஸ் திட்டிக்கொண்டே உரித்தார். கண்ணீரோடு தேடியபோது எழுத்து தெரிந்தது. ஆனால் தொடுகிற இடம் மேலே இருந்ததால், ஒரு கையில் போனைப் பிடித்தபடி கட்டைவிரல் எட்டவில்லை. அதைக் கீழே இறக்கினார் சவரிமுத்து. மறுபடி உரித்தார்கள். "எவ்வளவு நேரத்துல வருவாங்கன்னு தெரியலையே, அதைத்தான் நான் முதல்ல கேப்பேன்" என்றார் பயஸ். அதையும் சவரிமுத்து எழுதிச் சேர்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் சவரிமுத்து தானே வெங்காயம் உரித்து, அந்தக் கண்ணோடு கடைசியாகப் பார்த்தார். போனைத் திறந்து மூச்சு விடுவதற்குள் பயஸின் சட்டைப் பையில் மணி அடித்தது.

டீச்சர் அப்போதுதான் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. பயஸ் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"சரி மச்சான். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒரு மணிக்கு வரச் சொன்னாரு."

அவர் படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா... ஆமா, ஐஸ் பெட்டிதான்... எந்த ஊரு, வத்தலக்குண்டா?... அழாதீங்கம்மா, தெருவை மட்டும் சொல்லுங்க... வந்துடறேன், முக்கால் மணி நேரத்துல இருப்பேன்."

பயஸ் ஓடினார். டீச்சர் கண்ணை மூடிக் கைகூப்பினார். சவரிமுத்துவும் கைகூப்பினார்.

இருட்டுவதற்குள் பயஸ் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா தவறிடுச்சு. பையன் துபாய்ல இருக்கான், நாளைக்குத்தான் வரானாம். மக ஒத்தைப் பொம்பளை, அதுதான் போன் பண்ணுச்சு. பெட்டியை இறக்கி வச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிச்சு மச்சான். மில்லாவது ஒண்ணாவது, நான் இதைவிட்டுப் போகமாட்டேன்."

சவரிமுத்துவுக்கு மனசு நிறைந்தது. ஆனாலும் இருபது வருஷம் ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி ஜனங்கள் "ஆகா" சொல்லக் கேட்ட காது அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நம்ம வெப்சைட்டைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?"

"நானும் கேட்டேன். எந்த வெப்சைட்டுன்னு கேக்குது! அதுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை. தலைகால் புரியாம நின்னுச்சாம். யாரோ புண்ணியவான் நம்பரைக் கையில கொடுத்தாங்க, உடனே கூப்பிட்டேன்னு சொல்லுது."

சவரிமுத்துவின் முகம் வாடியது.

"பாத்தீங்களா டீச்சர்? ராவும் பகலுமா உழைச்சது. அந்தப் புள்ளை யாரோ கொடுத்தாங்கன்னு சொல்லுது."

டீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த யாரோ யாரு, அண்ணே?"

சவரிமுத்து தன் போனில் அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே, அந்த வத்தலக்குண்டு வீட்டு அம்மாவுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிடுங்கள்.