கப்பல்களுக்குத் தலை ஆடி

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், தோல்வியைவிட ஊர்ப்பேச்சுக்கு அதிகம் பயப்படும் மன்னர் ஒருவர் இருந்தார். அந்தப் பங்குனியில்தான் அவருக்குக் கல்யாணம். தீவு நாட்டு அரசர் மணப்பெண்ணான தம் தங்கைக்குக் கல்யாணச் சீராகப் பன்னிரண்டு போர்க்கப்பல்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஆனி நடுவில் செய்தி வந்தது. அந்தக் கப்பல்களைப் பிடிக்க வடக்கேயிருந்து எதிரி முப்பது கப்பல்களோடு கிளம்பிவிட்டான். மோதினால் மிஞ்சுவது பலகைதான் என்று மன்னருக்கும் தெரியும். விகடகவி கூத்தையனை அழைத்தார்.

"கூத்தையா, கப்பல்கள் என் மைத்துனர் நாட்டுக்குப் போய்ப் பத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் பயந்து ஓடின என்று ஒருவரும் சொல்லக் கூடாது. யாராவது சொன்னால் உன் தலை இருக்காது."

இந்த நிபந்தனையை மன்னர் காதில் போட்டவர் கடற்படைத் தலைவர் சேதிராயர். கூத்தையனுக்குச் சபையில் கிடைக்கும் சிரிப்பு அவருக்கு ஆகாது. 'பயந்து ஓடின' என்று முதல் ஆளாக நாமே சொல்லிவிடலாம் என்று மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

கூத்தையன் மகாராணியிடம் ஓர் ஓலை எழுதி வாங்கி, வேகமான படகில் தீவுக்கு அனுப்பினான்.

ஆடிக்கு முதல் நாள் துறையில் மேளச் சத்தம். தீவிலிருந்து மகாராணியின் தம்பி தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார். பன்னிரண்டு கப்பல்களின் முகப்பிலும் மஞ்சள், குங்குமம், பூச்சரம்.

"என்னடா இது?" என்றார் மன்னர்.

"மன்னர் பெருமானே, பன்னிரண்டும் தீவில் பிறந்தவை. நம் வீட்டுக்கு வந்தபின் இது தலை ஆடி. பிறந்த வீட்டார் அழைக்க வந்திருக்கிறார்கள்."

"எனக்குப் பதில் அவை போகட்டும். நான் கோட்டையில் இருக்கிறேன்" என்றாள் மகாராணி.

சேதிராயர் துள்ளி முன்னால் வந்தார். "அரசே, இது பயந்து ஓடுவதேதான்!"

"போன வருஷம் உங்கள் மருமகளும் ஆடிக்குப் பிறந்த வீடு போனாளே, சேதிராயரே," என்றான் கூத்தையன். "யாருக்குப் பயந்து ஓடினாள்? உங்கள் சம்சாரத்துக்கா?"

துறையே சிரிப்பில் குலுங்கியது. மன்னரும் சிரித்துவிட்டார்; கூத்தையன் தலை தப்பியது. கப்பல்கள் மேளத்தோடு புறப்பட்டன.

எதிரி வந்து பார்த்தால் துறை காலி. கோட்டைக் கதவும் அசையவில்லை. மாதம் முழுக்கக் கருவாடு தின்றுகொண்டு கிடந்தான். ஆவணி முதல் வாரம் தெற்கே பாய்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று நாற்பது! எதிரி நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு ஓடியே போனான்.

"பன்னிரண்டுதானே போயின?" என்றார் மன்னர்.

"தலை ஆடிக்குப் போன பெண் பிறந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடா திரும்புவாள்?" என்றான் கூத்தையன்.

மன்னர் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும், கேள்."

கூத்தையன் தலையைச் சொறிந்தான். "என் சம்சாரத்துக்கும் இந்த வருஷம் தலை ஆடிதான், பெருமானே. அக்கரையில் மாமனார் இன்னும் அனுப்பாமல் இழுத்தடிக்கிறார். நாற்பது கப்பலோடு போய் மரியாதையாகக் கேட்கலாமென்று..."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு கப்பல் போதும். சேதிராயர் ஓட்டுவார்!"