ராஜாங்க யோசனை

முன்னொரு காலத்தில், சித்திரை வெயிலுக்குக் காக்கைகூடக் கரைய அலுத்துக்கொள்ளும் ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வரி போட்டு வாட்டவில்லை, வலியச் சண்டைக்குப் போகவில்லை. அவருக்கு இருந்த ஒரே தொல்லை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கும். சொக்கினால் தூங்கிவிட்டுப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவருடைய தகப்பனார் காலத்துப் புலவர் ஒருவர், நாடு காக்கும் மன்னன் பகலில் இமை மூட மாட்டான் என்று பாடித் தொலைத்திருந்தார். அதை அரண்மனை வாசலில் கல்லில் வேறு வெட்டி வைத்துவிட்டார்கள். அதனால் ராஜா பகலில் தூங்குவதில்லை. கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, குறட்டை விட்டபடி நாட்டு விஷயங்களை யோசிப்பார். அதற்கு அரண்மனையில் ராஜாங்க யோசனை என்று பெயர். "ராஜா தூங்குகிறார்" என்று வாய் தவறிச் சொன்ன சமையற்காரனைக் குதிரை லாயத்தில் கொள்ளு அவிக்க அனுப்பியதிலிருந்து, எல்லோருக்கும் அந்தப் பெயர் நாக்கில் நன்றாகப் படிந்துவிட்டது.

யோசனைக்குக் காற்று வேண்டுமே. விட்டத்திலிருந்து அகலமான துணி விசிறி ஒன்று தொங்கும். அதன் கயிறு சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்து விடுவது ஒச்சப்பனின் வேலை. முன்பெல்லாம் அதற்கு மூன்று பேர் முறை வைத்து இருந்தார்கள். ஒருநாள் வீரநரசர் ராஜாவிடம், "கயிறு ஒன்றுதானே, ஆள் எதற்கு மூன்று?" என்று கேட்டார். வீரநரசர் அந்த நாட்டின் தண்டாதிகாரி. குற்றத்தை விசாரிப்பதும் தண்டனை கேட்பதும் அவர் பொறுப்பு. ராஜாவுக்கு அந்தக் கேள்வி பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. மற்ற இருவரும் ஊருக்குப் போனார்கள். ஒச்சப்பன் விடிந்ததிலிருந்து ராஜா படுக்கப் போகிற வரைக்கும் தனியாக இழுத்தான்.

ஒரு மத்தியானம் விசிறி நின்றுவிட்டது. ராஜா வியர்த்து விறுவிறுத்து எழுந்தார். வெளியே பார்த்தால், ஒச்சப்பன் சுவரில் சாய்ந்து கிடக்கிறான், வீரநரசர் அவன் மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அரண்மனைப் பணியில் தூங்கியவனுக்கு வலது கையை வாங்க வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. யாரும் அதைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வீரநரசர் அதைத் தூசி தட்டி எடுத்தார்.

அரண்மனையின் விகடகவி சாத்தையாவுக்குச் செய்தி போனபோது அவர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி. அதைவிட, ராஜாவைச் சிரிக்க வைத்து வைத்து வந்த அலுப்பு. யோசித்துப் பார்த்தால் தன் வேலையும் கயிறு இழுக்கிற வேலைதான் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. இழுக்கிறவரை யாருக்கும் ஞாபகம் வராது, நிறுத்தினால்தான் கேள்வி வரும். 'போகாமல் இருந்துவிடலாமா' என்று புரண்டு படுத்தார். அந்தக் கை போனால் ஒச்சப்பன் வீட்டில் உலை ஏறாது என்ற நினைப்பு அவரைத் தூங்க விடவில்லை. மறுநாள் காலையில் முனகிக்கொண்டே சபைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சபை ஏற்கெனவே கூடியிருந்தது. வீரநரசர் பேசிக்கொண்டிருந்தார்.

"இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, மகாராஜா? விசிறி நின்றதைத் தாங்களே அறிவீர்கள். அவன் கிடந்ததை நானே கண்டேன். உத்தரவு கொடுத்தால் சாப்பாட்டு வேளைக்குள் காரியத்தை முடித்துவிடலாம்."

"முடித்துவிடலாம்தான்," என்றார் சாத்தையா, தூணைப் பிடித்துக்கொண்டு. "வெட்டின கையை ஒட்ட வைக்கிற வைத்தியர் யாராவது இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே முடிக்கலாம். இல்லாததால், வெட்டுவதற்கு முன்னால் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது அல்லவா, மகாராஜா?"

ராஜா ஒச்சப்பனைப் பார்த்தார். "என்னடா, தூங்கினாயா?"

ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "தெரியலைங்க, சாமி. கயிறு கையில இருந்துச்சு. அப்புறம் பார்த்தா பெரிய ஐயா காலு எம்மேல இருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியலைங்க."

சபையில் சிலர் சிரித்தார்கள். சாத்தையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீரநரசருக்கு வெகுநாளாகவே விகடகவி மேல் ஒரு கண். ராஜாவின் அருகில் தனக்கு இல்லாத இடம் ஒரு கோமாளிக்கு இருப்பதா என்ற எரிச்சல். அவர் குனிந்து வணங்கினார். "மகாராஜா, இவனுக்காகச் சாத்தையாவே வாதாடட்டும். ஆனால் தோற்றுப்போனால், இவன் கை போன பிறகு கயிறு இழுக்க ஒரு கை வேண்டுமே? விகடகவியின் கை சும்மாதானே இருக்கிறது."

ராஜாவுக்கு இந்தப் பந்தயம் பிடித்துவிட்டது. விளையாட்டுப் புத்தி தலைக்கேறியது. "நல்லது, சாத்தையா! ஆனால் நான் யோசனையில் இருந்ததும் விசிறி நின்றதும் பொய்யாகக் கூடாது. தண்டாதிகாரி கண்டதும் பொய்யாகக் கூடாது. இவன் கண் மூடியிருக்கவில்லை என்றும் நீ சொல்லக் கூடாது. இத்தனையும் உண்மையாக இருக்க, இவன் குற்றமற்றவன் என்று காட்டு, பார்க்கலாம்!"

'எத்தனை வருஷமாக இதே கூத்து' என்று சாத்தையா மனத்துக்குள் நொந்துகொண்டார். வெளியே, "உத்தரவு," என்றார்.

அவர் வீரநரசரின் பக்கம் திரும்பினார். "ஐயா, குற்றம் இன்னதென்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்."

"பணியில் தூங்கினான்."

"அதை மெய்ப்பிக்க வேண்டியது யார்? நானா, நீங்களா?"

வீரநரசர் ராஜாவைப் பார்த்தார். ராஜா, "சொல்கிறவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதுதான் முறை," என்றார்.

"அப்படியானால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஐயா. நினைத்ததைச் சேர்க்க வேண்டாம்."

"கண் மூடியிருந்தது. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. குறட்டை தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. போதுமா?"

"தாராளமாகப் போதும். இவ்வளவும் இருந்தால் அது தூக்கம்தானா? வேறு எதுவாகவும் இருக்க வழியே இல்லையா?"

"பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். தூக்கம்தான்."

"சத்தியமாக?"

"சத்தியமாக!"

சாத்தையா வலிக்கிற காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். "நீங்கள் தாழ்வாரத்தில் நின்றீர்கள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக உள்ளே மகாராஜா தெரிந்தாரா?"

வீரநரசருக்கு அப்போதுதான் காலடியில் மண் நழுவுவது தெரிந்தது. "தெரிந்தார்," என்றார் மெதுவாக.

"அவருடைய கண் எப்படி இருந்தது?"

சபையில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விட்டத்தில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை.

"மூடி... மூடியிருந்தது."

"தலை? வாய்? சத்தம் ஏதாவது?"

"அது ராஜாங்க யோசனை!" என்று கத்தினார் வீரநரசர்.

"ஆஹா. கண் மூடி, தலை கவிழ்ந்து, வாய் திறந்து, குறட்டை விட்டாலும் அது தூக்கமாக இல்லாமல் இருக்க வழி உண்டு என்று ஆகிறதே. இப்போதுதானே வழியே இல்லை என்று சத்தியம் செய்தீர்கள்?"

"மகாராஜாவுக்கு அது யோசனை. விசிறிக்காரனுக்குத் தூக்கம்."

"சட்டத்தில் அப்படியா இருக்கிறது? செய்கை ஒன்றாக இருந்தால் பெயரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆளைப் பார்த்துப் பெயர் வைப்பதானால், நாளைக்குப் பெரிய வீட்டுப் பிள்ளை திருடினால் அதற்கும் ஒரு நல்ல பெயர் தேட வேண்டிவரும், ஐயா." சாத்தையா ராஜாவை வணங்கினார். "மகாராஜா, தாங்கள் யோசனையில் இருந்தது உண்மை. விசிறி நின்றது உண்மை. தண்டாதிகாரி கண்டது அத்தனையும் உண்மை. ஒச்சப்பன் கண் மூடியிருந்ததும் உண்மை. அவனும் ராஜாங்க யோசனையில்தான் இருந்தான்."

"கயிறு இழுக்கிறவனுக்கு ராஜாங்கத்தில் யோசிக்க என்னடா இருக்கிறது?" ராஜாவின் குரல் ஏறியது. கோபமா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

"மூன்று பேர் வேலையை ஒருவன் எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறான், மகாராஜா. விசிறி அரண்மனையுடையது, கயிறு அரண்மனையுடையது, மற்ற இருவரையும் அனுப்பிய உத்தரவும் அரண்மனையுடையது. யோசிக்க யோசிக்க வழி தெரியவில்லை. அதனால்தான் யோசனை கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது."

ராஜாவின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று, வாசல் பக்கம் போயிற்று, கடைசியில் சாத்தையாவிடம் வந்து நின்றது. சாத்தையாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படக்கூடத் தெம்பு இல்லாததால் சும்மா நின்றார். ஒச்சப்பன் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் ராஜாவின் தொந்தி குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "ஆழமாகப் போய்விட்டதாம்!" என்று தொடையில் தட்டினார். "அடே சாத்தையா! குறட்டை வருகிற அளவுக்கா நான் யோசிக்கிறேன்?" இவ்வளவு நேரம் விட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது சத்தமாகச் சிரித்தார்கள்.

"கேள், என்ன வேண்டுமோ கேள்!" என்றார் ராஜா, தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தையாவுக்குப் போர்த்தியபடி. அந்த வெயிலில் அது ஒன்றுதான் குறைச்சல்.

"ஊருக்குப் போன இருவரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட வேண்டும், மகாராஜா. மூவரும் முறை வைத்து இழுக்கட்டும். அரண்மனையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் மத்தியானத்தில் சற்று நேரம் ராஜாங்க யோசனைக்கு விட வேண்டும். அந்தப் பழைய கைச் சட்டத்தை அழித்துவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்! ஆனால் அந்த இருவரும் ஊரிலிருந்து வந்து சேரும்வரை இவன் ஓய்வு எடுக்கும்போது கயிற்றை யார் இழுப்பது?" ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தார். "கண் அயராமல் தாழ்வாரத்தில் காவல் நிற்கிறவர் நம் வீரநரசர்தானே?"

அன்று மத்தியானம் விசிறி ஒழுங்காக ஆடியது. கயிறு கரகரவென்று போய் வருகிற சத்தத்தோடு வீரநரசரின் பெருமூச்சும் கேட்டது. சாத்தையா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒச்சப்பனைப் பார்க்கத் தாழ்வாரத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குப் போனார்.

ஒச்சப்பன் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தான். நல்ல தூக்கம். அதற்கு வேறு பெயர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவனுடைய வலது கை மட்டும் தூங்கவில்லை. விரல்கள் ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்திருந்தன. கை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கயிறே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கையைத்தான் காப்பாற்றி விட்டோம் என்று சாத்தையா நினைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் முறுமுறுக்கத் தரையில் உட்கார்ந்து, சால்வையை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். அது அவர் கைகளையும் சேர்த்து இழுத்தது.

"போதும்டா, ஒச்சப்பா," என்றார் மெதுவாக. "வேற ஆளு இழுக்கிறான். விட்டுடு."

உள்ளே சாப்பாடு முடிந்து ராஜா கட்டிலில் சாயும் சத்தம் கேட்டது. "சாத்தையா! எங்கே போனாய்? கண் சொக்குவதற்குள் ஒரு வேடிக்கைக் கதை சொல்லிவிட்டுப் போயேன்!"

சாத்தையா எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ராஜா கூப்பிட்டு அவர் எழுந்திருக்காதது அதுதான் முதல் தடவை.

"யோசனையில் இருக்கிறேன், மகாராஜா!" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் குறட்டையாக மாறியது. இந்தப் பக்கம் ஒச்சப்பனின் கை இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கனத்து, அடங்கியது. அதை விடாமலே சாத்தையாவும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.